மணலியும் உவரியும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோ கெமிக்கல் தொழிற்சாலை என்னும் சொற்கள் காதில் விழுந்தவுடன், "அது வேதியியல் துறையினரின் பாடம், நமக்கென்ன?" என்று ஒதுங்கிக்கொள்வது கலைப்பிரிவு மாணவர்களாகிய நம்மில் பலருடைய வழக்கம். அந்த வழக்கம் நல்லதன்று என்பது என் துணிபு. அத்தகைய ஒரு வளாகம் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஓரளவேனும் தெரிந்துகொண்டால்தான், நம் கடற்கரை ஊர்களுக்கு அதனிடம் உள்ள உரிமை என்ன, அதற்கு நம்மிடம் உள்ள கடமை என்ன என்பது விளங்கும். நான் பிறந்த உவரியை முன்னிறுத்தி இதனைச் சொல்ல விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். சுத்திகரிப்பு வளாகத்தின் மதிற்சுவருக்குள் எந்தப் பொருளும் எளிதில் கழிவாக விடப்படுவதில்லை. ஆனால் அந்தச் சிக்கனம் வாயிற்கதவோடு நின்றுவிடுகிறது. கதவுக்கு வெளியே சென்ற பொருளுக்குக் கணக்கும் இல்லை, கேள்வியும் இல்லை. அந்தக் கணக்கு உவரிக் கரை வரை நீட்டப்படவேண்டும்.

உவரிக் கரையில் எண்ணெய்

உவரியை நம் கல்லூரியில் அறியாதார் இலர். அந்தோனியார் திருத்தலத்துக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் வந்து போகாத குடும்பம் நெல்லைச் சீமையில் குறைவு. கப்பல் வடிவத்திலேயே மாதாவுக்குக் கோயில் எழுப்பிய ஊர் அது. கடலை நம்பி வாழும் ஊர் என்று சொல்கிறோம். உண்மைதான். ஆனால் இன்று அந்த ஊர் கடலை நம்புகிற அளவுக்குக் கச்சா எண்ணெயையும் நம்பி வாழ்கிறது என்று சொன்னால் வியப்பாக இருக்கும்.

சற்று எண்ணிப் பாருங்கள். நம் பாட்டனார் காலத்தில் வலை பருத்தி நூலாலும் சணல் நூலாலும் பின்னப்பட்டது. மக்கிப் போகாமலிருக்க மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து உலர்த்துவார்கள். கயிறு தென்னை நாரிலும் பனை நாரிலும் திரிக்கப்பட்டது. கட்டுமரம் மரத்தால் ஆனது, மிதவையும் மரக்கட்டையே. இவை பழுதானால் அடுப்புக்குப் போகும், இல்லையேல் மண்ணோடு மண்ணாகும். இன்றோ வலை நைலான், தங்கூசி வலையும் நைலான், கயிறு பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன், வள்ளம் ஃபைபர், மீன் வைக்கும் ஐஸ் பெட்டி தெர்மாகோல், எஞ்சினுக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய் அல்லது டீசல். விடிகாலையில் கடலுக்குப் போகிற மீனவரின் உடலையும் அவர் பிடித்து வரும் மீனையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்த வள்ளத்தில் உள்ள ஏறத்தாழ எல்லாமே ஏதோ ஒரு சுத்திகரிப்பு ஆலையில் தொடங்கியவை.

கடற்கரை மட்டுமன்று, தாமிரபரணிப் பாசன வயல்களும் இதற்கு விலக்கல்ல. தூத்துக்குடியில் 1975-இல் உற்பத்தி தொடங்கிய ஸ்பிக் உரத் தொழிற்சாலை, நெடுங்காலம் நாப்தா என்னும் எண்ணெய்ப் பொருளை மூலப்பொருளாகக் கொண்டே யூரியா தயாரித்து வந்தது. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு இயற்கை எரிவாயுக் குழாய் 2021-ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பின்னரே அந்த நிலை மாறத் தொடங்கியது. ஆக, கார் பருவத்திலும் பிசானப் பருவத்திலும் நம் உழவர்கள் வயலில் தூவிய யூரியாவுக்கும் எண்ணெய் ஆலைக்கும் உறவு இருந்தது.

ஆலை இயங்கும் முறை

தமிழகத்தில் இத்தகைய வளாகத்துக்கு எடுத்துக்காட்டு சென்னைக்கு வடக்கே உள்ள மணலி. 1965-ஆம் ஆண்டின் இறுதியில், இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாக 'மெட்ராஸ் ரிஃபைனரீஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. 1969-இல் ஆலை இயங்கத் தொடங்கியபோது அதன் திறன் ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்று அது 'சென்னை பெட்ரோலியம்' என்னும் பெயரில், ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைப் பக்குவப்படுத்தும் திறனோடு நிற்கிறது.

அங்கு நடப்பதை நம் ஊர் வழக்கில் சொல்வதானால், கலப்பு மீனைத் தரம் பிரிப்பது போன்ற வேலை என்று சொல்லலாம். கரையில் மடி ஏறியதும் சீலா தனியாக, சாளை தனியாக, நெத்திலி தனியாகப் பிரிக்கிறார்கள் அல்லவா? கச்சா எண்ணெயும் ஒரு கலப்புப் பொருளே. இலேசானதும் கனமானதுமாகப் பலவகை ஹைட்ரோகார்பன்கள் அதில் கலந்துள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெப்பநிலையில் கொதிக்கும். இந்த வேறுபாடே பிரிப்பதற்கு வழி.

முதலில் கச்சா எண்ணெயைத் தண்ணீரால் கழுவி உப்பை நீக்குகிறார்கள். பிறகு உலையில் ஏறத்தாழ 350 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, உயர்ந்த கோபுரம் ஒன்றினுள் செலுத்துகிறார்கள். ஆவி மேலே செல்லச் செல்லக் குளிர்கிறது. உச்சியில் சமையல் வாயு போன்ற வாயுக்கள், அதற்குக் கீழே நாப்தா, பிறகு மண்ணெண்ணெய், பிறகு டீசல் என்று தட்டுத் தட்டாகப் பிரிந்து வெளிவருகின்றன. அடியில் கறுத்த, கனத்த எச்சம் தங்குகிறது. அதனை மேலும் சூடாக்கினால் அது பிரிவதற்கு முன்பே சிதைந்து கரியாகிவிடும். ஆகவே காற்றழுத்தத்தை மிகவும் குறைத்த இன்னொரு கோபுரத்துக்கு அனுப்புகிறார்கள். அழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் என்பது நாம் பள்ளியில் படித்ததுதான். கடைசியில் எஞ்சுவது சாலை போடும் தாராகலாம். அல்லது மேலும் சுட்டு, பெட்ரோலியக் கரியாக்கப்படலாம்.

பிரிப்பதோடு வேலை முடிவதில்லை. மக்களுக்கு வேண்டிய அளவில் பெட்ரோலும் டீசலும் இயற்கையாகவே அந்தக் கலப்பில் இருப்பதில்லை. எனவே கனமான எண்ணெயின் பெரிய மூலக்கூறுகளை உடைத்துச் சிறியவை ஆக்குகிறார்கள். மாவு போன்ற வினையூக்கித் துகள்களோடு 500 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் கலக்கும்போது அவை உடைகின்றன. பெட்ரோல் மிகுதியாகக் கிடைக்கிறது. கூடவே புரோப்பிலீன் என்னும் வாயுவும் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், நாப்தாவைப் பிளாட்டினம் கலந்த வினையூக்கியின் வழியே செலுத்தி மாற்றியமைக்கும் பிரிவு இருக்கிறது. பென்சீன், டொலுவீன், சைலீன் போன்றவை பிறக்கும் இடம் அதுவே. பெரிய வளாகங்களில் நாப்தா உடைப்பு உலையும் உண்டு. அங்கு நாப்தாவை நீராவியோடு கலந்து, 800 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் வைத்து எடுத்தால் எத்திலீன் கிடைக்கிறது. பாலிஎத்திலீன் பையும் குடமும் கயிறும் அதிலிருந்து வருபவையே.

எரிபொருள் ஆலையும் இரசாயன ஆலையும் இவ்வாறு கைகோத்து நிற்பதைத்தான் ஒருங்கிணைந்த வளாகம் என்கிறார்கள். குஜராத்தின் ஜாம்நகரில் 1999-இல் தொடங்கிய ஆலை, ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே பெரியதாக வளர்ந்துள்ளது. மணலி அந்த அளவு பெரியதன்று. ஆனால் அக்கம்பக்கத்து ஆலைகள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதை அங்கும் காணலாம். சுத்திகரிப்பு ஆலையின் மண்ணெண்ணெயைப் பெறும் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம், அதிலிருந்து தனக்கு வேண்டிய ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எடுத்த பகுதியைப் பென்சீனோடு சேர்த்து, துணி துவைக்கும் சலவைத் தூளுக்கான மூலப்பொருளாக்குகிறது. மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் நிறுவனமோ புரோப்பிலீனைப் பெற்று, புரோப்பிலீன் கிளைக்கால் முதலிய பொருள்களைத் தயாரிக்கிறது. இந்தக் கிளைக்கால் மருந்துக்கும் போகிறது. பாலியெஸ்டர் ரெசின் என்னும் பிசினுக்கும் போகிறது. அந்தப் பிசினைக் கண்ணாடி இழையோடு சேர்த்து அச்சில் பூசி உலர்த்தினால் ஃபைபர் வள்ளம். உவரியிலிருந்து 600 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மணலி நமக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்பது இப்போது புரிகிறதல்லவா?

நைலான் வலைக்கும் இப்படியொரு வழி உண்டு. பென்சீனிலிருந்து கேப்ரோலாக்டம், கேப்ரோலாக்டத்திலிருந்து நைலான், நைலான் நூலிலிருந்து வலை. கொச்சியை அடுத்த உத்தியோகமண்டலில் ஃபாக்ட் நிறுவனம் 1990-இல் தொடங்கிய கேப்ரோலாக்டம் ஆலை இந்த வழியில் அமைந்ததே.

சுவருக்குள் நிலவும் சிக்கனம்

பொருளியல் மாணவன் என்ற முறையில் இந்த வளாகத்தில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் சிக்கனம். சூடான எண்ணெய் வெளியேறும்போது அதன் சூட்டை வீணாக்குவதில்லை. உள்ளே வரும் குளிர்ந்த கச்சா எண்ணெயைச் சூடாக்க அதனையே பயன்படுத்துகிறார்கள். நாப்தாவை மாற்றியமைக்கும்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. அதனைப் பிடித்து, டீசலில் உள்ள கந்தகத்தை நீக்கும் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 தர எரிபொருள் கட்டாயமானதால் இந்தக் கந்தக நீக்கம் முன்னைக்காட்டிலும் முக்கியமாகிவிட்டது. நீக்கிய கந்தகமும் குப்பைக்குப் போவதில்லை. மஞ்சள் கந்தகமாகத் திரண்டு, கந்தக அமிலமாகி, உரத் தொழிலுக்குச் செல்கிறது. மிஞ்சும் வாயு ஆலையின் சொந்த உலைகளிலேயே எரிகிறது. தண்ணீருக்கும் இதே கதைதான். மணலி ஆலை சென்னை மாநகரின் கழிவுநீரைத் தூய்மைப்படுத்திப் பயன்படுத்துகிறது. காட்டுப்பள்ளியில் கடல்நீரை நன்னீராக்கியும் எடுத்துக்கொள்கிறது.

உள்ளே வந்த எடை எவ்வளவு, பொருளாக வெளியே சென்றது எவ்வளவு, எரிந்தது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று நாள்தோறும் கணக்குப் பார்க்கிறார்கள். சொந்த எரிபொருளாகவும் இழப்பாகவும் போவது நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை இருக்கலாம். அதில் அரைப் பங்கு குறைந்தாலும் பல கோடி ரூபாய் மிச்சம் என்பதால், பொறியாளர்கள் இரவு பகலாக அதற்கு மூளையைச் செலவிடுகிறார்கள். இந்த அறிவையும் உழைப்பையும் நான் மனமாரப் பாராட்டுகிறேன். என் குறை வேறு. அதே கணக்குப் புத்தகம் ஏன் வாயிற்கதவில் மூடப்படுகிறது என்பதே என் கேள்வி.

கதவுக்கு வெளியே

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழைக்குப் பிறகு, மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் கலந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்ததை நாடே பார்த்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன. அலையாத்திச் செடிகளில் எண்ணெய் ஒட்டியது. கூழைக்கடாப் பறவைகள் எண்ணெய் தோய்ந்து நின்றன. குழாய்களில் கசிவில்லை என்றது நிறுவனம். வளாகத்தின் மழைநீர் வடிகால் ஏற்பாடு போதுமானதாக இல்லை என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. ஒரு துளி நாப்தா எங்கே போயிற்று என்று சுவருக்குள் கணக்கு வைத்திருக்கும் இடத்தில், சுவருக்கு வெளியே ஓடிய எண்ணெய் யாருடையது என்று வாதிட வேண்டியிருந்தது!

அதே ஆண்டு மார்ச்சில் நாகூர்ப் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. அக்குழாயையே அகற்றும்படி மீனவ மக்கள் போராடினார்கள். 2025 மே மாதத்தில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையோடு நில்லாமல் நம் குமரி மாவட்டக் கரைகளிலும் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கின. அரிசி மணியளவான அந்த உருண்டைகள்தாம் பெட்ரோ கெமிக்கல் ஆலையிலிருந்து மூட்டையாக வெளிவரும் முதல் வடிவம். குடமோ வாளியோ ஆவதற்கு முன்பே அவை கடற்கரை மணலில் கலந்துவிட்டன. மணலிலிருந்து அவற்றைச் சல்லடை கொண்டு சலித்தெடுக்க வேண்டியிருந்தது. 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது இலங்கைக் கரையும் இதே துன்பத்தை அடைந்தது. குமரிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கரையில்தான் உவரி இருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

இவை விபத்துகள். விபத்தே நேராவிட்டாலும் நாள்தோறும் நிகழ்வது ஒன்று உண்டு. அறுந்த வலை கடலில் கிடக்கிறது. அது மக்குவதில்லை, ஆளில்லாமலேயே மீனையும் ஆமையையும் பிடித்துக் கொல்கிறது. கரையில் கொண்டுவந்து போட்டாலோ குவியலாகக் கிடக்கிறது. எரித்தால் நச்சுப் புகை. ஃபைபர் வள்ளத்தின் நிலை இன்னும் கடினம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு, கட்டுமரம் இழந்தவர்களுக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் தமிழ்க் கரையெங்கும் ஃபைபர் படகுகளை வழங்கின. அன்றைய நிலையில் அது பெரிய உதவி. இன்று இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. உடைந்த மரத்தை விறகாக்கலாம். உடைந்த ஃபைபரை என்ன செய்வது? ஒருமுறை இறுகிய பிசின் மீண்டும் உருகாது.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "ஏல மக்கா, பழைய வலைய கடல்ல போட்டா மீனுக்குக் கேடு, கரையில போட்டா புள்ளையளுக்குக் கேடு. எங்கதான் கொண்டுபோய்ப் போடச் சொல்லுத?" என்றார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் அவரல்லர் என்பதே என் வாதம்.

மறுப்புகளும் விடையும்

"அப்படியானால் மறுபடியும் பருத்தி வலைக்கும் கட்டுமரத்துக்கும் திரும்பச் சொல்கிறாயா?" என்று நண்பர்கள் கேட்கலாம். இல்லை. பருத்தி வலையை நாள்தோறும் உலர்த்தி, அடிக்கடி சாற்றில் தோய்த்து, அழுகிய கண்ணிகளைப் பின்னித் தீர்த்த பெண்களின் கைவலி எனக்குத் தெரியும். நைலான் அந்த வேலையைக் குறைத்தது. வெளிப்பொருத்து எஞ்சின், தண்டு வலித்த தோள்களுக்கு ஓய்வு தந்தது. ஆலை வேண்டாம் என்பதன்று என் வாதம். ஆலையின் பயனில் பங்கு உள்ள நமக்கு, அதன் பொறுப்பு யாருடையது என்று கேட்கும் உரிமையும் உண்டு என்பதே.

"பயன்படுத்தியவன் அல்லவா பொறுப்பேற்க வேண்டும்?" என்றும் சிலர் கூறுவர். ஒரு பொருளை உண்டாக்கி விற்பவர் இலாபத்தைத் தாம் எடுத்துக்கொண்டு, அதனால் விளையும் கேட்டைத் தொடர்பில்லாத பிறர் தலையில் ஏற்றுவதைப் பொருளியலில் புறவிளைவு என்று படிக்கிறோம். விலையில் சேராத செலவு அது. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு பிறந்தது தமிழகத்து வழக்கில் என்பது நமக்குப் பெருமை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு, பிளாஸ்டிக் உறைகளையும் பைகளையும் தயாரிப்போரும் விற்போரும் அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்கவேண்டும் என்று விதி செய்தது. பிஸ்கட் உறைக்கு உள்ள அந்தப் பொறுப்பு, கிலோக் கணக்கில் கடலுக்குள் இறங்கும் வலைக்கும் இருக்கவேண்டாமா?

செய்யத்தக்கவை

குறை கூறுவது எளிது. வழி கூறுவது கடமை. என் சிற்றறிவுக்கு எட்டிய நான்கு வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, பழைய வலையை எடைக்கு விலை கொடுத்துத் திரும்ப வாங்கும் ஏற்பாடு. புதிய வலை விற்கும்போதே ஒரு சிறு தொகையை முன்வைப்பாகப் பிடித்துக்கொண்டு, பழையதைக் கொண்டுவருபவருக்குத் திருப்பித் தரலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இதனை நடத்தலாம். சோடா பாட்டிலுக்கு முன்பணம் கட்டிப் பழகிய நமக்கு இது புதிதன்று. நைலான் வலையைச் சிதைத்து மீண்டும் கேப்ரோலாக்டம் ஆக்கமுடியும். இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் 2011 முதல் ஸ்லோவேனியாவில் இதனைச் செய்துவருகிறது. கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் 2017-இல் தொடங்கிய 'சுசித்வ சாகரம்' திட்டத்தில், மீனவர்கள் தம் வலையில் சிக்கிய பிளாஸ்டிக்கைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதனைப் பொடியாக்கிச் சாலை போடப் பயன்படுத்தினார்கள். நீண்டகரையில் இயன்றது உவரியில் இயலாதா?

இரண்டாவது, ஃபைபர் படகுகள். சிமெண்ட் சூளையில் இவற்றை இட்டால், பிசின் எரிபொருளாகவும் கண்ணாடி இழை சிமெண்டின் மூலப்பொருளோடு சேர்ந்தும் பயன்படும் என்பது ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த வழி. நம் நெல்லைக்கு அருகே தாழையூத்தில் 1949 முதல் சிமெண்ட் ஆலை இருக்கிறது. புகையைக் கண்காணித்து, பாதுகாப்பாக இங்கும் செய்யமுடியுமா என்று அரசும் பொறியியல் கல்லூரிகளும் ஆராயவேண்டும். படகு வாங்க மானியம் கொடுக்கும்போதே, அதன் இறுதிக் காலத்துக்கும் ஒரு தொகை ஒதுக்கப்படவேண்டும்.

மூன்றாவது, நாகப்பட்டினம். அங்கு நரிமணம் எண்ணெய் வயலை ஒட்டி 1993-இல் தொடங்கிய சிறிய சுத்திகரிப்பு ஆலையின் இடத்தில், ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுள்ள பெரிய ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. எழுந்து முடிந்த ஆலையில் குறை காண்பதைவிட, எழும் ஆலைக்கு நிபந்தனை விதிப்பது எளிது. பெருமழை பெய்தால் வளாகத்து எண்ணெய் நீர் எங்கே தேங்கும், கசிந்தால் எந்த ஊருக்கு யார் முதலில் சொல்வார், எண்ணெயை அள்ளும் கருவிகள் எத்தனை மணி நேரத்தில் வந்துசேரும் என்பனவற்றைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு கடற்கரைப் பஞ்சாயத்திலும் முன்கூட்டியே வைக்கவேண்டும். எண்ணூரில் கற்ற பாடம் நாகையில் பயன்படாவிட்டால் அந்தப் பாடத்தால் யாருக்கு என்ன பயன்?

நான்காவது, நம் கல்லூரி. அரசையும் ஆலையையும் மட்டும் கேட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்பது முறையன்று. நாட்டு நலப்பணித் திட்ட முகாமை அடுத்த ஆண்டு ஒரு கடற்கரை ஊரில் நடத்தும்படி பேராசிரியப் பெருமக்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கோயிலைச் சுற்றிப் பெருக்குவதோடு நிறுத்தாமல், கரையில் கிடக்கும் வலை எத்தனை கிலோ, கயிறு எத்தனை கிலோ, உடைந்த படகுகள் எத்தனை என்று நாம் எடை போட்டு எழுதுவோம். வேதியியல் துறை நண்பர்கள் எது நைலான், எது பாலிஎத்திலீன் என்று பிரித்துச் சொல்லட்டும். பொருளியல் துறையினராகிய நாங்கள் அதன் விலையைக் கணக்கிடுகிறோம். தமிழ்த் துறையினர் எல்லோருக்கும் விளங்கும்படி அதனை எழுதித் தரட்டும். அந்த அறிக்கையை மாவட்ட ஆட்சியரிடமும் மீன்வளத் துறையிடமும் கொடுப்போம். எடை போடப்படாத பொருளைப் பற்றி எவரும் பொறுப்பேற்கமாட்டார்கள். எடை போட்டுக் காட்டிவிட்டால், பொறுப்பில்லை என்று சொல்வது கடினம்.

நம் முன்னோர் வகுத்த ஐந்து நிலங்களுள் நெய்தல் ஒன்று. அந்த நிலத்து மக்கள் பிடித்த மீனில் விற்றது போக மிஞ்சியதைக் கருவாடாக்கினார்கள். அதற்கும் ஆகாததைத் தென்னைக்கு எருவாக்கினார்கள். ஒன்றின் மிச்சத்தை இன்னொன்றின் முதலாக்கும் அறிவு, மணலிப் பொறியாளர்களுக்கு முன்பே எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று அவர்கள் கையில் இருக்கும் பொருளை அவ்வாறு செய்ய அவர்களால் இயலாது. அதனை உண்டாக்கியவர்களால் இயலும். ஆகவே, நைலானையும் பிசினையும் உவரிக்கு அனுப்பத் தெரிந்தவர்கள், அவற்றைத் திரும்ப எடுத்துச்செல்லவும் வழி காணவேண்டும். அதனைக் கேட்பது நம் உரிமை. கேட்கும் அளவுக்கு அறிந்துகொள்வது நம் கடமை.